ஈர முயல்

பாடை தெருமுனை திரும்பியதும் ரத்தினம்மாள் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் தண்ணீரை வீசினாள். பிணம் போன வீடு. பாய், தலையணை, பாத்திரம் எதையும் கழுவாமல் விடக்கூடாது. அப்பாவைச் சுமக்க ஆண்கள், அவர் கிடந்த தரையைக் கழுவப் பெண்கள். கொள்ளிச் சட்டியை நான் பிடிக்கிறேன் என்று வினோதினி காலையில் கேட்டுப் பார்த்தாள். சட்டி பெரியப்பா மகன் கைக்குப் போனது.

தலையில் ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு அவள் கூடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் ஏதோ வீரிட்டது. குழந்தை என்று நினைத்து ஓடினாள்.

கைப்பம்பு அடியில் அத்தை நின்றிருந்தாள். ஒரு கையில் சொம்பு, மறுகையில் வெள்ளை முயலின் இரண்டு காதுகள். பழுப்பு முயல் ஏற்கெனவே துவைகல்லில் கிடந்தது. நனைந்து எலி போலச் சிறுத்து, கால்களை நீட்டிக்கொண்டு.

"இன்னா பண்றீங்க அத்தை?"

"உங்கப்பன் சபாபதி தொட்டு வளத்ததுடி. வூட்டுல இருக்கற எல்லாத்துக்கும் தீட்டுதான். மாட்டுக்கு ஊத்தறதில்ல?"

"முயலுக்கு ஊத்தக்கூடாது. பயத்துலயே செத்துப்பூடும்."

"தண்ணி பட்டு எதுனா சாவுமா? அந்தப் பழுப்பு குளுருல அடங்கிக் கெடக்கு. சிதம்பரத்துல போயி இதத்தான் படிச்சியா?"

படிக்கவில்லை. தானே என்ற புயலில் தகரக்கூரை பறந்தபோது அப்பா இரண்டையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அவரைத் தவிர யாரும் அவற்றைத் தூக்கியதில்லை. பக்கத்து வீட்டு முயலை ஒரு பிள்ளை தொங்கவிட்டுத் தூக்க, அது உதைத்த உதையில் அதன் முதுகே முறிந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வினோதினி கம்பிவலை வழியாகக் கீரை போடுவதோடு சரி.

பாடை போன பக்கம் வெடி வெடித்தது. வெள்ளை முயல் காற்றில் முறுக்கி உதைத்தது. இன்னொரு உதைக்கு அதன் முதுகு தாங்காது.

"அசையாதீங்க அத்தை."

ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்தாள். மறுகையால் பின்பக்கத்தைக் கால்களோடு சேர்த்து ஏந்தித் தன் மார்போடு அணைத்தாள். நகங்கள் ரவிக்கையைத் தாண்டி இறங்கின. எரிந்தது. அத்தை இன்னும் காதை விடவில்லை.

"குளிச்சவ நீ. மறுபடி தீட்டாவுற."

"காத வுடுங்க."

"நான் நல்லதுக்குத்தான்டி..."

"காத வுடுங்க அத்தை."

விட்டாள்.

உள்ளே அம்மா ராசம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். வினோதினி அருகில் போய் உட்கார்ந்தாள்.

"எது?" என்றாள் அம்மா.

"வெள்ள."

மற்றதைப் பற்றி அம்மா கேட்கவில்லை. தான் போர்த்தியிருந்த துண்டின் காய்ந்த பக்கத்தை இழுத்து அவள் மடியில் போட்டாள். வினோதினி துடைத்தாள். துடைக்கத் துடைக்க முயல் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கண் திறந்திருந்தது. பழுப்புக்கும் கண் திறந்துதான் இருந்தது.

நெஞ்சில் கை வைத்துப் பார்க்கலாம். நேற்று அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில், "நெஞ்சுல கைய வச்சிப் பாரு, பாரு" என்று அம்மா சொல்ல, அவள்தான் வைத்துப் பார்த்தாள். துடிப்பு இல்லை. அதை அம்மாவிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிவரை கையை எடுக்காமலே வந்தாள்.

இப்போது கை முயலின் முதுகிலேயே நின்றது. கீழே இறங்க மறுத்தது.

வெகுநேரம் கழித்து அத்தை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "வினோதினி, ஆம்பளைங்க வராங்க. கால் கழுவத் தண்ணி கொண்டா."

அவள் எழவில்லை.

"ஏய், காதுல வுழுதா?"

மடியில் சூடாக எதுவோ பரவி, பாவாடையை நனைத்துத் தொடைவரை இறங்கியது. முயல் மூத்திரம் போயிருந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, மூக்கை அவள் முழங்கை மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை இழுத்துக்கொள்ளாமல் சுவரைப் பிடித்து எழப்பார்த்தாள், மகள் மடியில் சிக்கிய அது விடவில்லை. அதைத் தோளிலிருந்து கழற்றி மடியிலேயே விட்டுவிட்டு, வேறு துண்டைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை வாசலுக்கு எடுத்துப் போனாள்.