மண்ணைத் தொடாத சங்கிலி

ஆல்ப்பு மலையின் தென்சரிவில், முற்றிய திராட்சைக் குலைகள் கருநீலம் பூத்துத் தாழ்ந்து தொங்க, அவற்றினுங் கரிய முகில்கள் கொடுமுடி கடந்து கூட்டங்கூட்டமாய் இறங்க, காற்றும் வீசாது பறவையும் பாடாது மொந்தேவால் என்னுஞ் சிற்றூர் மூச்சடக்கி நின்ற பிற்பகற்பொழுதில், மணியடிப்போன் இலாரியோவின் மனைவி ஒர்சோலா மட்டும் ஓரிடத்தில் நில்லாது, உலைநீர் போற் கொதித்துக் கோயில் முற்றத்தில் உலவிக்கொண்டிருந்தாள்.

மணியோசை முகிலைக் கலைத்துக் கொடிகளைக் காக்கும் என்பது அவ்வூரார் கொள்கை; ஆதலின் இடியெழுந்தால் இலாரியோ கோபுரத்தடியிற் கயிறு பற்றியே தீரவேண்டும். கண்ணாடி உருண்டையைத் தேய்க்க எழும் பொறியும் விண்ணிற் பாயும் மின்னலும் ஒரு குலமே என நகரத்து அறிஞர் கண்டதைக் கேட்டுவந்த கோயிற்குரு, கோபுர உச்சியில் இரும்புவேல் நாட்டி, மின்னலை மண்ணுக்கு இறக்கச் சங்கிலியுந் தொங்கவிட்டார். வேலுக்கு இசைந்த ஊரார் சங்கிலிக்கு இசைந்திலர். கோபுரத்தைச் சூழ்ந்த நிலமெல்லாம் கல்லறை நிலமன்றோ! ஆங்குத் துயில்வோர்மேல் இடி இறங்குமென அஞ்சி, சங்கிலியின் நுனியை மணிக்கயிறு தொங்கும் அறையின் வாயிலில் ஓர் ஆணியிற் சுருட்டி மாட்டினர். மண்ணைச் சேராத மின்னல் அருகில் நிற்பவனைச் சேரும் என்று குரு அரற்றியதை ஒர்சோலாவன்றி ஒருவருஞ் செவிக்கொண்டிலர்.

முதல் இடி உருண்டது, மணி முழங்கலாயிற்று. அவள் கல்லறைக் காவலன் பேப்போவிடம் ஓடினாள்.

"பேப்போ அண்ணே, அந்தச் சங்கிலிய மண்ணுல இறக்கிவிடுங்க. அவரு பக்கத்துலயே நிக்கிறாரு."

"நல்லா இருக்கே. உசுரோட இருந்தப்பவே எங்க அம்மாவுக்கு இடின்னா ஆகாது. தூங்குறவ தலையில கொண்டுபோய்ப் போடவா?"

"அப்ப அவரு தலையில விழலாமா?"

"உன் புருசனுக்குப் பயமா இருந்தா கயித்த என் கழுதைகிட்டக் குடுக்கச் சொல்லு. அது நல்லாவே இழுக்கும்."

"உங்க ஆளுங்கள நான் தொடல அண்ணே. எங்க வீட்டு ஆளுகிட்டயே கேட்டுக்கிறேன்."

அவன் கைநீட்டித் தடுப்பதற்குள் மண்வெட்டியைப் பறித்தவள், சங்கிலியை ஆணியினின்று உருவி, கோபுரச் சுவரோரம் துயிலும் தன் மாமனாரின் குழிமேட்டுக்கு இழுத்தாள். அதே கயிற்றைப் பற்றி நின்றபோது இடிவிழுந்து மாண்டவர் அவர். ஈரமண்ணை ஆழக் கிளறி, நுனியைப் புதைத்து, குனிந்தவாறே மெல்லச் சொன்னாள்: "மாமா, உங்களுக்கு இது பழகுனது. உங்க புள்ளைக்குப் பழக வேணாம்."

அவள் விலகிய மறுகணம் வானம் வெண்டழலாய்ப் பிளந்தது. சங்கிலி சிவந்து துடித்தது. குழிமேடு புகைந்து வெடித்தது. மரச்சிலுவை கரிந்து சாய்ந்தது. மணியோ ஒருமுறை அடி தவறி, பின்னும் முழங்கியது.

ஆலங்கட்டி அவ்வாண்டுக் கொடிகளைச் சிதைத்தே சென்றது. ஊரார் ஒர்சோலாவைப் பலநாள் தூற்றவுஞ் செய்தனர். ஆயினும், மாண்டோர் பொருட்டு வாழ்வோர் அஞ்சி விலக்கிய தழலை, யாதொரு முறையீடுமின்றி மாண்டவரே மடியேந்திக்கொண்டார்.