வளைவுக்கு வெளிப்பக்கம்

கார் ராலிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளப் செயலாளரே அவனுக்குப் போன் செய்தார். தன்னார்வலர்கள் கூட்டத்துக்கு வந்துவிட வேண்டுமாம். போன வருஷ ராலியில் கால் போனபிறகு கிளப்பிலிருந்து யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. இரண்டு ஷூவுக்கும் பாலிஷ் போட்டான், பொய்க்காலில் மாட்டியிருந்ததற்கும் சேர்த்து. சாப்பாட்டுப் பெட்டி மடிக்க ஆள் குறைகிறதென்று மனைவியையும் வரச்சொன்னான். அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள்.

செயலாளருக்கு டயர் வியாபாரம். கடைக்கு மேலே ஹால். ரப்பர் வாடை படியேறிக் கூடவே வந்தது. அவள் கைகொடுக்கப் போனபோது அவன் தட்டிவிட்டான்.

உள்ளே சுவர் முழுக்க வழிப்படம். எந்தத் திருப்பத்தில் யார் கொடி பிடிப்பது, யாரிடம் வயர்லெஸ், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று செயலாளர் பம்பரமாகச் சுழன்று பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னார்வலர்களுக்கான ஆரஞ்சு சட்டைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பழைய ஆட்கள் "ஸ்டாப்வாட்ச் வந்தாச்சு" என்று அவன் முதுகில் தட்டினார்கள். நேரம் குறிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லாதபோது வைத்த பெயர் அது. அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்ததும் செயலாளர் அவனை முன்னால் அழைத்தார்.

"மாப்பிள்ளை, பேண்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

அவன் தூக்கினான். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து எட்டிப்பார்த்தார்கள்.

"நல்லாப் பாத்துக்குங்க. வளைவுக்கு வெளிப்பக்கம் நிக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம். இவர் போய் நின்னார். வழுக்கின கார் வேற எந்தப் பக்கம் வரும்?"

சொன்ன பேச்சு கேட்காத காலுக்கு ராலியில் இடமில்லை என்று அவர் முடித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவனும் சிரித்தான்.

அவளுக்கு நடந்தது தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனே சொல்லி அழுதான். வளைவுக்கு வெளிப்பக்கம், ராலிக்குப் பணம் கொடுத்த எண்ணெய்க் கம்பெனியின் பேனர் ஒரு முனையில் அவிழ்ந்து தொங்கிப்போயிருந்தது. படம் எடுப்பவர்கள் குறைசொன்னார்கள். அந்தப் பக்கம் போய் இழுத்துக் கட்டும்படி செயலாளர் வயர்லெஸ்ஸில் சொன்னார். அது ஆபத்தான பக்கம் என்று இவன் சொல்லியும் பார்த்தான். சீக்கிரம் முடித்துவிட்டு வரச்சொல்லி அதட்டினார்.

அவள் எழுந்தாள். "அண்ணா, அவரை அங்க போகச் சொன்னது நீங்கதான். பேனரைக் கட்டச் சொல்லி."

செயலாளருக்குக் கோபம் வரவில்லை. அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"அப்படியா மாப்பிள்ளை? நான் சொன்னேனா? இந்தத் தடவை உங்களைத் தலைமை நேரக்காப்பாளராப் போடலாம்னுதானே காலையில பேசிக்கிட்டிருந்தோம்."

அவன் பேண்ட்டை இன்னும் தூக்கிப்பிடித்தபடியே நின்றான்.

"நானாத்தான் போனேன்," என்றான். "மருந்து மயக்கத்துல ஏதோ உளறியிருப்பேன். அதைப் பிடிச்சுக்கிட்டு ஆடுறா. வீட்லயும் இப்படித்தான்."

அங்கங்கே சிரிப்பு கேட்டது. அவன் அதைக் கவனித்தான்.

"ஒரு காலோட காருக்குத் தப்பிச்சேன். இவகிட்டேருந்து தப்பிக்க ரெண்டு காலும் வேணும்."

ஹாலே அதிர்ந்தது. இந்தத் தடவை அவர்கள் சிரித்தது அவனைப் பார்த்து அல்ல.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கூட்டத்தை விட்டுப் பின்னறைக்குப் போன அவன் மனைவியிடம் செயலாளரின் மனைவி, ஆம்பிளைகள் பேச்சில் நமக்கென்ன வேலை என்று தணிந்த குரலில் சொல்லி, சாப்பாட்டுப் பெட்டியாக மடிக்க வேண்டிய அட்டைகளில் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். அவள் அதை அப்படியே மேஜையில் வைத்தாள். படியிறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

சாயங்காலம் டயர் ஏற்றும் வண்டி அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மார்பில் கிளப்பின் புது அடையாள அட்டை தொங்கியது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க," என்றாள். "அவர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாருன்னே வச்சுக்கோ. கால் திரும்பி வரப்போகுதா? எனக்குன்னு இருக்கிறது அந்தக் கிளப் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதே."

அவளுக்கு ஒரு கணம் இரக்கமாகக்கூட இருந்தது. அதற்குள் அவன் செயலாளரின் எண்ணை அழுத்திப் போனை அவள் கையில் திணித்தான். மன்னிப்புக் கேட்டால்தான் பதவியாம். ஸ்பீக்கரையும் போட்டான்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். தெரியாமல் பேசிவிட்டதாகச் சொன்னாள்.

"விடும்மா, குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம்," என்றார் செயலாளர். பெட்டிகள் மடிக்காமல் குவிந்து கிடக்கின்றன, நாளைக்கு வருவாளா என்று விசாரித்தார்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர்றேன் அண்ணா."

அவன் போனை வாங்கிக்கொண்டான். எந்தக் கார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.