அட்டைக்கு வைத்த தண்ணீர்

பச்சமுத்துவின் தலையைத் தண்ணீர்க் குண்டானுக்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தாள் அவன் பெண்டாட்டி பவளம். ஏரியில் குளிக்கும்போது மூக்கில் ஏறிய அட்டை, தாகமெடுத்தால் தண்ணீரைத் தேடித் தானே இறங்கும். சாலவாக்கத்து ஏரிக்கரையில் மாட்டுக்கும் மனுஷனுக்கும் அங்குள்ளவர்கள் பார்க்கிற வைத்தியம் இதுதான். பலித்தும் இருக்கிறது. ஆனால் தை மாசம் பச்சமுத்துவின் வலது மூக்கில் தொடங்கிய ரத்தம் சித்திரையிலும் நிற்கவில்லை. வளைக்குள் எலி இருக்கிறதா என்று மோந்தே சொல்கிறவன், பக்கத்தில் கருவாடு தீய்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தான். வலது கண் வேறு பிதுங்கிக்கொண்டு வந்தது.

“கண்ணயே தள்ளிக்கினு வருது பாரு. ரத்தம் குட்ச்சி கொழுத்துப்போய்க்கீது சனியன்,” என்றாள் பவளம்.

பச்சமுத்து எலி பிடிக்கிற வயலின் சொந்தக்காரர் கிருஷ்ணசாமிதான் இருவரையும் திட்டி பஸ் ஏற்றிவிட்டார். பெரியாஸ்பத்திரி டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியை விட்டு எதையோ கிள்ளி எடுத்தார். சுற்றி நின்ற மாணவர்களிடம் இங்கிலீஷில் மளமளவென்று சொன்னார்: அபூர்வமான புற்றுநோய் மாதிரி இருக்கிறது, வேகமாகப் பரவும், கண் போனாலும் போகும், மூளைக்கு ஏறுவதற்குள் வெட்டி எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆள் பிழைக்கலாம், இந்தச் சதையைப் பரிசோதித்தால்தான் எதுவும் தெரியும். எவ்வளவு அழகாகப் பாடம் நடத்தினார்! மூக்குக்குச் சொந்தக்காரனிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பவளத்தின் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தார்.

“பின்னாடி லேப்ல குடுத்துட்டு அடுத்த வாரம் வாம்மா.”

வெளியே வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீருக்குள் கருஞ்சிவப்பாக, வழுவழுவென்று, விரல் நுனியளவுக்குக் கிடந்தது.

“யோவ், புட்ச்சிட்டாங்கய்யா அட்டைய!”

லேப் சாப்பாட்டு நேரத்துக்குப் பூட்டியிருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாசமாகப் புருஷன் ரத்தத்தைக் குடித்ததை யாரோ ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா போவதா? வேப்பமரத்தடியில் பாட்டிலைக் கவிழ்த்தாள். நெடி கண்ணை எரித்தது. கூழுக்குக் கொண்டுவந்த உப்பு முழுவதையும் அதன்மேல் கொட்டினாள். அது நெளியவில்லை.

“மருந்துலயே செத்துக்கீது,” என்று குதிகாலால் மண்ணோடு மண்ணாகத் தேய்த்தாள். மூக்கில் பஞ்சோடு நின்ற பச்சமுத்து எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தான்.

“அடுத்த வாரம் வரச் சொன்னாரே?”

“இன்னாத்துக்கு? அதான் எட்த்தாச்சே.”

அடுத்த வாரம் அவர்கள் போகவில்லை. வராதவர்களை ஆஸ்பத்திரியில் யாரும் தேடவும் இல்லை.

பஞ்சு கழன்று விழுந்த காலையில், குடித்துக்கொண்டிருந்த கூழில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. பச்சமுத்து நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். வலது கண்ணை இப்போது அவனால் மூட முடியவில்லை.

“ஜோடியா ஏறிக்கீது போலய்யா,” என்றாள் பவளம். குண்டானைக் கழுவிப் புதுத்தண்ணீர் ஊற்றிவந்து, அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினாள். “ஆடாத. பயந்துக்கினு உள்ள பூந்துடும்.”

தண்ணீரில் சிவப்பு இழை இழையாக இறங்கியது. இருவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.