கடைசியாகத் திருத்தியவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முடங்கிக் கிடந்த என் வெப்சைட்டைச் சரிசெய்ய வந்த பெண், வேலை முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், திட்டிக்கொண்டே இருந்தாள். என்னை இல்லை, இன்னொருவரை. "இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா மாத்தாம எழுதுங்க" என்றாள்.

துணிக்கடைக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எதிராளி போடும் முதல் நிபந்தனைக்கு முகம் மலரத் தலையாட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து அதை மெல்லக் கரைப்பது எங்கள் வீட்டில் நடக்கப் பழகும் முன்பே பழகும் வித்தை. தலையாட்டினேன்.

மாற்றினேன். எங்கெங்கே மாற்றினேன் என்பதை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "நீச்சல் பள்ளியின் தண்ணீர் அன்று மாலை வானத்தையே விழுங்கி—"

[நிறுத்திவிட்டேன். இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னால் வரும்.]

இரண்டாம் தொடக்கம்: "திறமூல மென்பொருளின் சமூகப் பயன்பாடு குறித்து நாம்—"

[கொட்டாவி வந்தது. எனக்கே.]

மூன்றாவது, ஒப்பனை இல்லாமல்:

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு மேஜை, இரண்டு திரை, வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நம் வெப்சைட்காரி அங்கேதான் பத்து வருஷமாகத் தொழில் நடத்துகிறாள். உலகத்தில் யார் யாரோ எழுதி, திறந்து பார், எடுத்துக்கொள், உன் இஷ்டப்படி மாற்றிக்கொள் என்று பொதுவில் வைத்த மென்பொருள் ஒன்று உண்டு. அதை இறக்கி, மேலே 'தீம்' என்கிற தோற்ற உறை ஒன்றைப் போர்த்தி, இங்கே வெட்டி அங்கே ஒட்டி, பல் டாக்டருக்கு ஒரு மாதிரியும் டைல்ஸ் கடைக்கு ஒரு மாதிரியும் வெப்சைட் கட்டித் தருவாள். இருபத்திரண்டு பேருடைய வெப்சைட்டுக்குச் சாவி இவளிடம் இருக்கிறது.

நீச்சல் பள்ளி நடத்தும் மாஸ்டர் முதல் நாளே கேட்டாராம்: "சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேருக்கு நீங்க எதுக்கும்மா இவ்ளோ கேக்குறீங்க?"

"தண்ணிகூட சும்மாதான் கிடைக்குது மாஸ்டர். நீங்க எதுக்கு நீச்சலுக்கு ஃபீஸ் வாங்குறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். அவள் இதைச் சொன்னபோது எனக்கும் அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. அந்தப் பிரியத்தை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

3

சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாஸ்டருக்கு அவள் தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தாள். அதில் அவர் எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம். மெனு, பிளகின் எனும் சொருகி, அமைப்பு எதிலும் கை வைக்க முடியாது. அதுதான் சரியான முறை. ஒரு மாதத்தில் போன் வந்தது.

"என்னம்மா இது, என் வெப்சைட்ல எனக்கே பூட்டா?"

"பூட்டு இல்ல மாஸ்டர். எழுதுறது எல்லாம் நீங்க பண்ணலாம். மத்தத நான் பாத்துக்குறேன்."

"நான் அங்க ஓனரா, வாட்ச்மேனா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அப்போது அவள் கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்ட மகள் ஒரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். புதுக் கணக்குத் திறக்க ஐந்து நிமிஷமும் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும். வரிசையோ நகர்கிறது. தன்னுடைய சொந்தப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"அப்புறம் ஹேஷ் போடுங்க. ஏணி மாதிரி இருக்குமே, அது."

"ஏணியா?"

"ரெண்டு ஏணியக் குறுக்கால போட்ட மாதிரி, மாஸ்டர்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். சாயங்காலம் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் மூன்று வருஷம் நீண்டது. அதற்குப் பிறகு அந்த வெப்சைட்டில் மாஸ்டர் எதைச் செய்தாலும், அதைச் செய்தது இவள் என்று மென்பொருள் எழுதி வைத்தது.*

* இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். அந்தக் கையாலும் யாருக்காவது பாஸ்வேர்டு போயிருக்கும்.

4

இனி வேகமாகச் சொல்கிறேன். மெதுவாகச் சொன்னால் அலங்காரம் செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

வெப்சைட்டில் ஒரு வரி இருந்தது: "ஒவ்வொரு வகுப்பிலும் உயிர்காப்பாளர் இருவர். நிம்மதியாக விட்டுச் செல்லுங்கள்." அதைப் படித்த ஒரு தையல்காரம்மா தன் ஏழு வயதுப் பெண்ணை நிம்மதியாக விட்டுவிட்டு, ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைக்கப் போனாள். அன்று உயிர்காப்பாளர் ஒருவர்தான். அவரையும் வாசலில் வந்து இறங்கிய குளோரின் டிரம்களைத் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மணி நாலு இருபது.

குழந்தை பிழைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தது. இப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே வெகுநேரம் யோசிக்கிறது.

அதே நாள் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அந்த வரி மாறியது: "குழந்தையுடன் பெற்றோர் இருக்க வேண்டும். பாதுகாப்புக்குப் பெற்றோரே பொறுப்பு."

"வெப்சைட்லயே தெளிவா போட்டிருக்கே, படிக்க மாட்டீங்களா?" என்று தையல்காரம்மாவைக் கேட்காத ஆள் இல்லை. "படிச்சேன். வேற மாதிரி இருந்துச்சு" என்றாள். யாரும் நம்பவில்லை. அவள் கணவரே, "நல்லா ஞாபகப்படுத்திப் பாரு" என்றாராம். ஐ.சி.யூ. வாசலில் வைத்து.

பன்னிரண்டாம் நாள் மாஸ்டர் வெப்சைட்காரியைக் கூப்பிட்டார்.

"பழைய திருத்தம் எல்லாம் உள்ள சேர்ந்து சேர்ந்து சைட் ஸ்லோ ஆயிடுமாமே. அதைக் கிளீன் பண்ணிடுங்கம்மா."

மூன்று வருஷத்தில் அவர் வாயில் வராத வார்த்தை. அவள் திறந்து பார்த்தாள். அந்த மென்பொருள் ஒன்றையும் மறப்பதில்லை. பழைய வரி சிவப்பில், புது வரி பச்சையில், தேதி, மணி, நிமிஷம். எல்லாவற்றுக்கும் மேலே திருத்தியவரின் பெயரும் சின்னதாக ஒரு படமும். பெயர் இவளுடையது. படத்தில் இவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

திருப்பிக் கூப்பிட்டாள். "மாஸ்டர், இந்த வரியை யார் மாத்தினது?"

"அதுல யார் பேரு இருக்கு?"

இவள் திரையில் சிரிக்கும் தன் படத்தைப் பார்த்தாள்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அடுத்த மாசம் மூணாவது வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெப்சைட் சமாச்சாரம் பூரா அந்தம்மா கையிலதான்னு நான் சொல்றாப்ல இருக்கும். உங்களுக்கும் பொண்ணு இருக்கு."

[இங்கே 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? கடைக்காரப் புத்தி. செருப்பால் அடிக்க வேண்டியவனுக்கும் முதலில் நாற்காலி போடும்.]

ஆக, விஷயம் இவ்வளவுதான். அந்தத் திருத்தத்தை அழித்துவிட்டால் ஒரு தாய் தன் பிள்ளையைக் கவனிக்காதவள் என்றும் பொய் சொல்கிறவள் என்றும் நிலைத்துவிடும். காட்டினால், ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்து வாக்கை மாற்றியது இவள் கை என்று ஆகிவிடும். பாஸ்வேர்டு கொடுத்ததற்குச் சாட்சி ஒரு கண் ஆஸ்பத்திரி வரிசை.

 'பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடங்கள் இருக்கின்றனவே' என்பீர்கள். இருக்கின்றன. இந்த நீச்சல் பள்ளியை யாரும் சேமிக்கவில்லை. 'பேக்கப்?' இருக்கிறது. அதைக் காட்டினாலும் 'மாற்றியது யார்?' என்பதுதான் அடுத்த கேள்வி. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

5

இவ்வளவையும் எழுதி, ஒரு வாரம் கழித்து அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அந்தப் பிரதியில் வானத்தை விழுங்கிய தண்ணீர் இன்னும் இருந்தது. மாஸ்டர் வெறும் வில்லனாகத் தெரிகிறாரே, பத்திரிகைக்காரர்கள் தட்டையான பாத்திரம் என்பார்களே என்று பயந்து, அவருக்கு ஒரு நல்ல பக்கமும் சேர்த்திருந்தேன்: "ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பிறகு மாஸ்டர் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்."

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள்.

"அவர் அழுதத நீங்க பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா. ஒரு மனுஷன்னா உள்ளுக்குள்ள ஏதாவது…"

"கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, அந்தப் பொண்ணோட அம்மா படிக்கட்டுல உக்காந்து அழுததை நான் பாத்தேன். உங்ககிட்ட சொன்னேன். அது எங்க?"

தேடுவதுபோலப் பக்கத்தைப் புரட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இது என்ன, தண்ணி வானத்தை முழுங்குச்சு? நான் சொன்னேனா?"

"அது அழகுக்காக…"

"அவரும் வரி நல்லா இல்லன்னுதான் மாத்தினேன்னு சொல்லுவாரு. என் பேருல அவர் மாத்துறாரு. என் கதையில நீங்க மாத்துறீங்க. ரெண்டு பேருக்கும் சாவி குடுத்தது நான்தான். என்னைத்தான் சொல்லணும்."

நான் கோபப்பட்டேன். ஒரு எழுத்தாளனையும் அந்த ஆளையும் ஒரே தட்டில் வைப்பதா என்று. இரண்டு நாள் அந்தக் கோபத்தைப் போஷித்து வளர்த்தேன். மூன்றாம் நாள் குளியலறை வரியை அடித்தேன். அடித்தது உங்களுக்குத் தெரியவேண்டும் என்று இங்கே விட்டிருக்கிறேன்.

6

முடிவுகள்.

(அ) வெப்சைட்காரி சர்வரின் பதிவேட்டைத் திறக்கிறாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்தது நீச்சல் பள்ளி ஆபீஸ் இணைப்பிலிருந்து என்று அதில் இருக்கிறது. விசாரணை மேஜையில் காகிதத்தை வைக்கிறாள். மாஸ்டரின் முகம் வெளுத்து—

[எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பொய். அவள் வாடகைக்கு எடுத்திருந்த மலிவான சர்வரில் பதிவேடு ஏழு நாள்தான் இருக்கும். அவள் திறந்தது பன்னிரண்டாம் நாள். அந்த ஆள் கூப்பிட்டதும் பன்னிரண்டாம் நாள்தான். அவசரப்படாமல் காத்திருந்திருக்கிறான்.]

(ஆ) அவள் வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஒரு பட்டன்தானே. அழிச்சிட்டுப் போ. இருபத்திரெண்டு பேரு உன்னை நம்பிச் சாவி குடுத்திருக்கான். ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும், மேல ரூமைப் பூட்டிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்." அவள் அழிக்கிறாள். சைட் ஒரு இம்மிகூட வேகமாகவில்லை.

[இதை எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு அடித்தல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.]

(இ) புதன்கிழமை, விசாரணைக்கு முந்தின நாள், பகல் பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. அவள்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சார், அந்தத் தையல்காரம்மா வந்திருக்காங்க. நான் கூப்பிடல. கீழ ஜெராக்ஸ் கடையில விசாரிச்சு மேல ஏறி வந்துட்டாங்க. தண்ணி கொண்டு வரேன்னு சொல்லிட்டுப் பின்பக்கம் வந்து நிக்கிறேன்."

"என்ன கேக்குறாங்க?"

"'நான் படிச்சது நிஜமா, இல்ல எனக்குத்தான் பைத்தியமா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்'ங்கறாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. இப்பல்லாம் யார்கிட்டயும் விடுறதில்லையாம். திரையில அந்தப் பக்கம் திறந்தே இருக்கு சார். என் பக்கமா திரும்பியிருக்கு. நீங்க முடிவு எழுதிட்டீங்களா? என்ன எழுதியிருக்கீங்க?"

"காட்டுறீங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

"பட்டுன்னு சொல்லிட்டீங்க" என்றாள். "உங்க பேரா இருந்தா?"

வைத்துவிட்டாள்.

7

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

காட்டினாள் என்று சொன்னால், நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நிறைவாகப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்கள். காட்டவில்லை என்று சொன்னால், சீ, இப்படியும் ஒருத்தியா என்று அதே நிறைவோடு போவீர்கள். இரண்டில் எதைக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம். கொடுப்பதாக இல்லை.

சிவப்பு வரி ஒன்று, பச்சை வரி ஒன்று. மேலே 'கடைசியாகத் திருத்தியவர்' என்று ஒரு இடம். அங்கே உங்கள் பெயரைப் போடுங்கள், படத்தோடு. எதிர் நாற்காலியில் ஒரு பெண் தண்ணீருக்காகக் காத்திருக்கிறாள். அவள் மடியில் சாய்ந்திருக்கும் குழந்தை உங்களை ஏதோ கேட்க ஆரம்பித்து, அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது சொல்லி முடிக்க நேரமாகும். அதுவரை உங்களுக்கு அவகாசம்.