இருபத்தெட்டு மில்லிமீற்றர் எலியாஸ்

உள்ளங்கையில் கிடந்த ஈய மனிதனைக் கத்தரினா மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தாள். அன்று காலை பெட்டியில் வந்த புது வார்ப்பு. வார்ப்பின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கோட்டை பிளேட்டால் சுரண்டிக்கொண்டு வந்த கை, தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. தலை, பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது குதிகால் மட்டும் நிலத்தில் படவில்லை. ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயம், இடுப்பில் ஒரு துண்டுத் தோல். ஈட்டியையும் கேடயத்தையும் விரல்களால் மறைத்தாள். அந்த இடத்தில் மனதுக்குள், பாட்டுக்குத் தட்டுகிற இரண்டு சிரட்டைகளை வைத்துப் பார்த்தாள். அவளுடைய அப்பா எலியாஸ்தான்.

"முஃப்லிஹா, இது யாரு எண்டு செல்லு பாப்பம்."

பக்கத்துக் கதிரையில் தும்பை ஒட்டிக் குடிசைக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்த முஃப்லிஹா தலையை நிமிர்த்தவில்லை. "ஒங்கட மேசைக்கி வாற ஆக்களுக்கு ஏது பேரு? நம்பர்தானே அக்கா. மூணாம் நம்பர்."

"எங்கட அப்பா."

முஃப்லிஹா சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிக் கத்தரினாவின் முகத்தைப் பார்த்தவள், வாயை மூடிக்கொண்டாள்.

புத்தளம் களப்பைப் பார்த்த பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றின் மேல்மாடியில் நௌஃபர் நானா அந்த வேலைத்தலத்தை வைத்திருந்தார். வெளிநாட்டில் ஒரு வியாபாரிக்காக அவர்கள் பொம்மைகள் செய்தார்கள். பிள்ளைகளுக்கல்ல. தாடி நரைத்த பெரிய ஆண்கள், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஆபிரிக்காவில் வெள்ளைக்காரன் நடத்திய சண்டைகளை மேசையில் பரப்பி, பகடை உருட்டி, மறுபடி நடத்திப் பார்ப்பதற்கு. ஒரு மனிதனின் உயரம் இருபத்தெட்டு மில்லிமீற்றர். கற்பிட்டிக் கடற்கரை மணல் அங்கே பாலைவனமாகும். தென்னந்தும்பு புல்லாகும். வாப்பாவும் உம்மாவும் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபின் ஓலைக் குடிசை முகாமில் பிறந்து, பதினைந்து வருடம் அங்கேயே வளர்ந்த முஃப்லிஹாவின் கையில் ஆபிரிக்கக் கிராமங்கள் எழும்பும். "குடிசை செய்ய அகதிய விட்டா வேற யாரு?" என்று நௌஃபர் நானா பகிடியாகச் சொல்வார். அவர் சொல்வதெல்லாம் பகிடிதான். கத்தரினா வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியான காப்பிரிகள் வாழும் சிரம்பியடியில் இருந்து வந்திருக்கிறாள் என்றதும் அவளுடைய சுருண்ட முடியைப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க காப்பிரி மேசைக்கிப் போங்க. ஒங்கட ஆக்கள ஒங்களுக்குத்தானே தெரியும்" என்றார். பதினொரு பெண்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் இப்போது அவளுக்கு நாக்குக் கசக்கும்.

பெரிய மேசை வெள்ளைச் சிப்பாய்களுக்கு. ஒரு சிப்பாய்க்கு நாற்பது நிமிடம் கொடுப்பார்கள். சிவப்புக் கோட்டுக்கு மூன்று பூச்சு, பொத்தானுக்கு ஒரு புள்ளி, மீசைக்கு ஒரு கோடு, கடைசியாக ஒற்றை மயிர்ப் பிரஷால் கண். கத்தரினாவின் மேசைக்கு ஒரு ஆளுக்கு நாலு நிமிடம். கொம்பனி அனுப்பிய தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: சுதேசிகளைக் கபில நிறத்தில் முக்கி எடுத்தால் போதும், கண் தேவையில்லை. கண் இல்லாத மனிதர்களை நாளுக்கு நூறு பேராக வாளியில் முக்கி, கம்பியில் கொழுவி, காயவிட்டு, பெட்டியில் அடுக்கிய இரண்டு வருடத்தில் அவள் அந்தத் தாளோடு ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. வயிறு இருக்கிறது. மகன் சிலாபத்தில் படிக்கிறான். ஆனால் இன்றைக்கு வாளிக்குள் தலைகீழாகப் போக இருந்தவர் அவளுடைய அப்பா.

பெட்டியின் அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். அதே தோள், அதே முகம். இந்த முறை ஆள் மல்லாந்து கிடந்தான். இரண்டு கைகளும் விரிந்து, தலை பின்னால் மடிந்து, வாய் பிளந்து. பொட்டலத்தின் மேல் 'விழுந்தவர் – 40' என்று எழுதியிருந்தது. சண்டையில் செத்தவனை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் வைக்கிற பொம்மை.

அவள் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

சியாம் பின்னறையில் விளக்குக்குக் கீழே குனிந்து, ஊசியால் ஒரு குதிரையின் பிடரியைக் கீறிக்கொண்டிருந்தான். முதல் உருவத்தை மெழுகுபோன்ற பசையில் வடிப்பது அவன்தான். இருபத்தைந்து வயது. கை நிறையத் திறமை, அதைச் சொல்லிக் கேட்க ஆசை.

"சியாம், இது யாரு?"

அவன் முகம் மலர்ந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா! நீங்க கண்டுபிடிப்பீங்க எண்டு நான் நௌஃபர் நானாட்ட சென்னன். ஒங்கட சேர்ச் திருநாளுக்கு வந்தன்தானே, அண்டைக்கி ஒங்கட வாப்பா சிரட்டையத் தட்டி மன்ஜாப் பாட்டுப் பாடுறத வீடியோ எடுத்த. அதுல இருந்து ரெண்டு போஸ். மத்த ஆக்கள் படத்தப் பாத்துச் செய்ற. நான் உசிரோட ஈக்கிற ஆளப் பாத்துச் செஞ்சீக்கிறன். கொம்பனிக்காரன் பாத்திட்டு இவ்வளவு நல்ல காட்டுமிராண்டி இதுவரைக்கும் வரல்ல எண்டு எழுதீக்கிறான்."

"நீ எங்கட அப்பாட்டக் கேட்டியா?"

"கேக்க என்ன ஈக்கிது? எல்லாரும்தான் வீடியோ எடுத்தாங்க."

"சாகடிக்கவும் எல்லாருமா கேட்டாங்க?"

அவன் ஊசியைக் கீழே வைத்தான். அவள் கோபம் உண்மையானது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஆனால் எதற்காக என்பது விளங்கவில்லை. சத்தம் கேட்டு வந்த நௌஃபர் நானா, கதவில் சாய்ந்து நின்று பொம்மையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுவா? ஒரு அங்குலம் கத்தரினா. இதுல யாருக்கு ஒங்கட வாப்பாவத் தெரியப்போகுது?"

"எனக்கித் தெரியும்."

"இது ஒரு பெரும இல்லியா? உலகம் முழுக்கப் போற."

"அப்ப ஒங்கட வாப்பாவச் செஞ்சி அனுப்புங்க நானா. தொப்பியும் தாடியுமா. இதுபோல மல்லாத்திப் போட்டு."

பெரிய மேசையில் யாரோ பிரஷைத் தண்ணீரில் அலசும் சத்தம் மட்டும் கேட்டது. நௌஃபர் நானாவின் முகத்தில் இருந்த பகிடி முதல் தடவையாகக் காணாமல் போனது. "சனிக்கெழம கப்பலுக்குப் போகணும்" என்றார் மெதுவாக. "நாளைக்கி ஜும்ஆவுக்குப் பொறகு வந்து பாப்பன். நாப்பதும் முக்கிக் காஞ்சி ஈக்கணும். ஏலாட்டி செல்லுங்க, வேற புள்ளைக்கிக் குடுக்கிறன். அந்த மேசைய யாருக்கும் குடுக்கலாம்."

அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போது கத்தரினாவின் கைப்பையில் இரண்டு எலியாஸ்கள் இருந்தார்கள். வீட்டில் ஒருவர்தான் இருந்தார். முற்றத்தில் முகச்சவரம் செய்துகொண்டு, எழுபத்திரண்டு வயது, வலது தோள் இறங்கி. நாற்பது வருடம் உப்புக் கூடை சுமந்த தோள். காட்டக் கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் பையிலிருந்து நிற்கிற பொம்மையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள்.

எலியாஸ் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார். வீட்டில் அவர்கள் பேசுவது சிங்களம். ஆனால் உப்பளத்தில் முஸ்லிம் ஆட்களோடு வேலை செய்து பழகிய எலியாஸுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். இப்போது தமிழ் வந்தது.

"ஈட்டி யாரு குடுத்த?"

"வடிவுக்குச் செஞ்சீக்கிறாங்க அப்பா."

"எங்கட பாட்டன்ட பாட்டனுக்குத் துவக்கு இருந்திச்சி. துவக்கு! சிவப்புக் கோட்டு, பித்தளப் பொத்தான். வெள்ளக்காரன் கடலால கொண்டுவந்து, கோட்டப் போட்டு, துவக்கக் குடுத்து, முன்வரிசையில நிப்பாட்டினான். சுட்டதும் நாங்க, சூடுபட்டதும் நாங்க. வேல முடிஞ்சதும் துவக்க வாங்கிட்டு, போ, போய் உப்பு அள்ளு எண்டான். இப்ப கோட்டையும் கழட்டிட்டானா?" பொம்மையை இன்னும் கிட்டப் பிடித்தார். குரல் இறங்கியது. "சட்டையே இல்ல. நான் எந்த நாள் சட்ட போடாமப் பாடின?"

அது உண்மை. திருநாளுக்கு முதல் நாள் வெள்ளை நீளக்கைச் சட்டையை அவரே இஸ்திரிப்பெட்டியால் மினுக்குவார். யாரையும் தொட விடமாட்டார்.

"இத வெச்சி என்ன செய்ற?"

"வெளாடுறாங்க. பெரிய ஆம்புளைகள்."

"யாரு வெல்ற?"

"தெரியாது" என்றாள். அவளுக்குத் தெரியும். சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் முற்றத்தில் சிரட்டைச் சத்தம் கேட்டது. கோபம் அடங்காத நேரங்களில் அவர் அப்படித்தான் மன்ஜா பாடுவார். அவருக்கே அர்த்தம் தெரியாத, அவருடைய அம்மாவுக்கும் தெரியாத பழைய சொற்கள். கதவோரம் வந்து நின்று பார்த்தாள். பாட்டு முடிகிற இடத்தில் எலியாஸ் இரண்டு சிரட்டைகளையும் விரித்து, தலையைப் பின்னால் எறிந்து, வாயை முழுதாகத் திறந்து கடைசிச் சொல்லை நீட்டினார்.

கத்தரினா கைப்பையைத் துழாவி, மல்லாந்து கிடந்தவனை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தாள். முற்றத்தில் நிற்கிறவரைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். அதே விரிந்த கை. அதே மடிந்த கழுத்து. அதே வாய். சியாம் ஒரு செத்த மனிதனை வடிக்கவே இல்லை. பாடுகிற மனிதனை வடித்துவிட்டு, பிணம் என்று படுக்கப் போட்டிருக்கிறான். அத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த பொடியன், நெஞ்சு விரித்துப் பாடுகிற ஒரு காப்பிரியைக் கண்டதும் இதைச் செத்தவனாக்கலாம் என்று எப்படி நினைத்தான்? அடுப்பில் தண்ணீர் பொங்கி நெருப்பை அணைத்தது. அவள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் நௌஃபர் நானாவும் சியாமும் கைகால் கழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் வெளியில் நின்று கதைத்து, வீட்டில் சோறும் தின்றுவிட்டுத்தான் வருவார்கள். இரண்டு மணித்தியாலம் கிட்டங்கியில் பெண்கள் மட்டும்.

கத்தரினா கபிலநிற வாளியை மூடி, காலால் மேசைக்கடியில் தள்ளினாள். கைப்பையில் இருந்தவனையும் சேர்த்து, விழுந்தவர் நாற்பது பேரையும் முன்னால் கொட்டினாள். கைத்துளைப்பானை எடுத்து முதலாவது ஆளின் குதிகாலில் ஓட்டை போட்டாள். ஈயம் மெல்லிய சுருளாக வந்தது. கம்பி தேடினாள்.

முஃப்லிஹா பார்த்துக்கொண்டிருந்தாள். குடிசைச் சட்டத்துக்கு வைத்திருந்த கம்பியைக் குறட்டால் ஒரே அளவில் வெட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"வேல போகும் அக்கா."

"ஓம்."

"எனக்கும்."

"நீ ஒன் பாட்டுக்குக் குடிசையச் செய்."

"செஞ்சிட்டுத்தான் ஈக்கிறன். கம்பி வெட்டுற சத்தம் மட்டும்தான் இது" என்றாள் முஃப்லிஹா. அடுத்த கம்பியை வெட்டினாள்.

கம்பியைக் குதிகாலில் செருகி, தட்டில் பசை வைத்து நிறுத்தியதும் அவன் எழும்பி நின்றான். முதுகு தட்டையாக இருந்தது, நிலத்தில் கிடப்பதற்காக வார்த்தது. முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. நாற்பது பேரும் நின்றபிறகு அவள் பெரிய மேசைக்குப் போனாள். யாரிடமும் கேட்கவில்லை. சிப்பாய்களின் வெள்ளைப் பெயின்றையும் ஒற்றை மயிர்ப் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வெறும் நெஞ்சுக்கு மேல் வெள்ளை நீளக்கைச் சட்டை. கழுத்துப் பட்டியைப் பிரஷ் நுனியால் தடிப்பாக வைத்து, மினுக்கிய சட்டையின் மடிப்புப்போல் கூராக இழுத்து விட்டாள். முகத்துக்கு வாளியின் கபிலம் போடவில்லை. தன் புறங்கையைப் பக்கத்தில் வைத்து, ஒத்து வரும்வரை நிறம் கலந்தாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கண். முதலில் இரண்டு வெள்ளைப் புள்ளி, அதற்குள் இரண்டு கறுப்பு.

பெரிய மேசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும், "இந்த ஆள் பாடுறாரே" என்றாள். கத்தரினா நிமிரவில்லை. கண் வைக்கிற வேலையில் நிமிரக் கூடாது.

பத்தொன்பதாவது ஆளுக்குக் கண் வைத்து முடித்தபோது கீழே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம், சியாமின் சிரிப்பு, நௌஃபர் நானாவின் இருமல். களப்பிலிருந்து காற்று ஜன்னலால் வந்து தட்டைத் தொட்டது. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. நாற்பது எலியாஸ்களும் கை விரித்து, வாய் திறந்து, ஒரே பக்கமாக இலேசாக அசைந்தார்கள். பத்தொன்பது சோடிக் கண்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கத்தரினா இருபதாவது ஆளை விரலுக்கு நடுவில் பிடித்து, பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கி, வெள்ளையில் தொட்டாள்.