அப்பாவின் ஆபீஸ்

ஒரு காரை எப்படி வைத்துக்கொள்வது என்பது இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் என் அப்பா. இதைச் சொன்னவரும் அவரேதான் என்பதால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

ஆதாரம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் கார் வந்த நாளிலிருந்து அதன் மேல் ஒரு கீறல் கிடையாது. கீறல் விழ வேண்டுமென்றால் கார் எங்காவது போயிருக்க வேண்டும். மழை வந்தால் சேறு, வெயில் அடித்தால் பெயின்ட் வெளுக்கும், இரண்டும் இல்லாத நாளில் ஊரே ரோட்டில் இருக்கும். ஆகவே நாங்கள் பஸ்ஸில் போனோம்.

எதிர் வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிவிட்டு, எங்கேயும் இறங்காமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிறுத்துவார். நாங்கள் அவரை ரவுண்டு சார் என்போம். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அப்பா காபியோடு பால்கனிக்கு வந்துவிடுவார்.

"கிளம்பிட்டார்டா, காரை மேய்க்க."

"தினமும் ஓட்டினா வண்டிக்கு நல்லதுன்னு சொல்றாங்கப்பா."

"போறதுக்கு இடம் இல்லாதவர் எதுக்குடா கார் வெச்சிருக்கார்?" என்பார், வாசலைத் தாண்டாத காரின் சொந்தக்காரர்.

அப்பா காரைப் பயன்படுத்தவே இல்லை என்று சொன்னால் அது பொய். ரிடையர் ஆனதிலிருந்து மதியம் சாப்பிட்டதும் கீழே இறங்கிப் போய் காரில் உட்கார்ந்துவிடுவார். சீட்டைச் சாய்த்து, ஃபேனைப் போட்டு, ரேடியோவை வைத்து, போனைச் சார்ஜில் செருகி, படிக்கிற விளக்கின் கீழ் பேப்பரை விரிப்பார். இன்ஜினை மட்டும் போடமாட்டார், பெட்ரோல் வீணாகுமாம். யாராவது போன் செய்தால், "வண்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்து கேட்டால் அம்மா, "அவர் ஆபீஸ் போயிருக்கார்" என்பாள்.

முதல் பேட்டரி செத்தபோது அப்பா அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். வாரண்டி கார்டை கல்யாண ஆல்பத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போய் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பேசாமல் புதுசு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடையில் கூட்டம்.

இரண்டாவது பேட்டரி சாவதற்கு அக்காவின் டிரைவிங் டெஸ்ட் நாளைத் தேர்ந்தெடுத்தது.

அக்கா பிசியோதெரபி படித்தவள். நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய் பயிற்சி தரும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸ் வேண்டும், கார் வேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டக் கற்றது டிரைவிங் ஸ்கூல் காரில். டெஸ்ட்டுக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோக வேண்டும். அன்று காலை அவள் சாவியைத் திருப்பினாள். உள்ளே யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது போல 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"செல்ஃப் எடுக்கலையா?" ரவுண்டு சார் கையில் ஜம்பர் கேபிளோடு ஓடி வந்தார். "என் வண்டிய பக்கத்துல போட்டு, அதோட பேட்டரியிலேர்ந்து கரண்ட் கொடுத்துடறேன் சார். ரெண்டே நிமிஷம்."

"வேண்டாம் சார்," என்றார் அப்பா. "இது கம்பெனி செஞ்ச தப்பு. கம்பெனியே வந்து பார்க்கட்டும்."

கம்பெனி வரவில்லை. டெஸ்ட் போய்விட்டது. அக்கா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கடைக்குப் போய் இரண்டாவது சொற்பொழிவை ஆற்றி மூன்றாவது பேட்டரியை வாங்கி வந்தார்.

அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கினாள் அக்கா. "இந்தத் தடவையும் லைசென்ஸ் வரலைன்னா வேற ஆளப் பார்த்துக்கறோம்" என்று வேலை தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாவது பேட்டரியும் நாக்கைச் சப்புக்கொட்டியது.

இந்த முறை பேட்டரியைக் கழற்றி என் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மறுபடியுமா அங்கிள்?"

"மறுபடியும் நீங்க ஏமாத்திட்டீங்க."

அவள் பேட்டரியில் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். "இதுக்கு நோய் ஒண்ணும் இல்ல. பட்டினி கிடக்கு. கடைசியா வண்டிய எப்போ ஓட்டினீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"தேவைப்பட்டா ஓட்டுவேன்."

"கடைசியா எப்போ தேவைப்பட்டுச்சு?"

"போன பேட்டரிய மாட்டிப் பார்த்தப்போ."

"ஓ. நிறுத்தி வெச்ச வண்டியில ரேடியோ கேட்பீங்களா?"

"ரேடியோ மட்டும் இல்லக்கா," என்றேன் நான், உண்மையின் பொருட்டு. "ஃபேன், லைட்டு, போன் சார்ஜு..."

"உனக்கு பரீட்சை இல்ல?" என்றார் அப்பா.

"சார்ஜ் ஏத்தித் தரேன் அங்கிள். சாயங்காலம் வாங்க. தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, அது பாட்டுக்கு உழைக்கும். புதுசு தர முடியாது."

"வாரண்டி இருக்கு!"

"வாரண்டி பேட்டரிக்குத்தான் அங்கிள். வெச்சிருக்கறவங்களுக்கு இல்ல."

வீட்டுக்கு வந்து அப்பா நீதி செத்துவிட்டதாக அறிவித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா அப்பாவை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸ்ல உக்காந்து உக்காந்துதான் பேட்டரி இறங்குதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். "சந்தேகம் இருந்துச்சு."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"அவர் ரிடையர் ஆனப்புறம் அந்த ரெண்டு மணி நேரம்தாண்டி நான் கண்ணை மூடறேன். என்னையும் கொஞ்சம் பாரு."

அப்பா புண்பட்ட முகத்தோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்னொரு காம்பைக் கிள்ளினாள்.

"அப்பா, ஒரே ஒரு வாரம். ரவுண்டு சார் மாதிரி காலையில ஒரு சுத்து..."

"அந்த ஆள் மாதிரியா? நானா?" அப்பா எழுந்து நின்றுவிட்டார். "தெருத் தெருவா காரை மேய்க்கச் சொல்றியா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"சரிப்பா." அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் பஸ்லயே போயிக்கறேன். டெஸ்ட்டையும் பஸ்லயே ஓட்டிக் காட்டறேன்."

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன முறை சாத்தியதைவிட மெதுவாக. அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் அவரே போய் பேட்டரியை வாங்கி வந்து மாட்டினார். மறுநாள் மதியம் ஆபீசுக்கு லீவு.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மர்மம் நடந்தது. ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட் பெருகியது. வழக்கமாக வாசலுக்கே வருகிற பால் போக, தினமும் காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போதே ஒரு பாக்கெட் கூடுதலாக இருந்தது. அம்மா தயிர் போட்டாள், பாயசம் வைத்தாள், கடைசியில் எரிந்து விழுந்தாள்.

"யாரு இவ்வளவு பால் வாங்கறது? வீட்ல கன்னுக்குட்டியா வளர்க்கறோம்?"

அப்பா பேப்பரின் நடுப்பக்கத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அதில் வரி விளம்பரங்கள் மட்டும்தான் இருந்தன.

டெஸ்ட் அன்று காலை, அக்கா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எதிர் வீட்டு வாசலில் ரவுண்டு சார் ஜம்பர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, யதேச்சையாக நிற்பதுபோல் நின்றார். அக்கா சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பு. கார் பிடித்துக்கொண்டது.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். "கம்பெனிக்காரன் பயந்துட்டான்," என்றபடி அப்பா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மதியம் திரும்பி வந்தார்கள். அக்கா பாஸ். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிப்பது எங்கள் குடும்பத் தொழில். பின்பக்க பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"அக்கா, முதல் நாளே காரை இடிச்சிட்டியா?"

"நான் எங்கயும் இடிக்கல!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவருக்கு நெஞ்சு வலிக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"அது பழசு," என்றார் அப்பா. விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். கீறலில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எங்கள் தெருவில் பச்சை கேட் ஒன்றுதான் உண்டு. அது ரவுண்டு சார் வீட்டு கேட்.

இப்போது அக்கா காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. மதியமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். சீக்கிரம் இன்னொரு கார் வாங்க வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று காலை ரவுண்டு சார் கார் கிளம்பும் சத்தம் கேட்டு, பழக்க தோஷத்தில் நான் காபியோடு பால்கனிக்கு வந்தேன். அப்பாவைக் காணவில்லை. கீழே ரவுண்டு சார் கார் மெதுவாகத் தெருமுனை திரும்பியது. அதன் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஹாரன் அடிக்காமல் எங்கள் கார் திரும்பியது.