இரஞ்சிதத்தின் ஏழு விக்கெட்

மேடையில் இரஞ்சிதத்தின் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே கைதட்டல் கிளம்பிவிட்டது. ஆறாவது வரிசையில் கேதரினும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்? இருக்கிறதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, லூனாஸிலிருந்து மகள் ஷாரனின் காரில் சுங்கைப்பட்டாணி வரைக்கும் வந்தது இந்த ஒரு நாளுக்காகத்தானே. இந்தப் பக்கத்துப் பெண்கள் கிரிக்கெட் ஆடிய கதையைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் நாற்பத்தேழாம் பக்கம்: 'எஸ். இரஞ்சிதம், ஒரே ஆட்டத்தில் ஏழு விக்கெட்.'

அந்த ஏழும் கேதரின் எடுத்தது.

நாற்பது வருசத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரே ஆபீஸ். இரஞ்சிதம் கணக்கெழுதும் கிராணி; ஆபீஸ் அணியில் வேகப்பந்து போடுகிறவள். கேதரின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து கூட்டிப் பெருக்கிய தினக்கூலி. சாயங்காலப் பயிற்சிக்குப் பந்து பொறுக்கப் போய், போடவும் கற்றுக்கொண்டவள். ஆபீஸ் பெண்களுக்கான கோப்பையில் நிரந்தர ஊழியர்தான் ஆடலாம் என்று சட்டம். இறுதி ஆட்டத்தன்று இரஞ்சிதத்துக்கு அம்மை போட்டிருந்தது. "யாருக்குத் தெரியப்போவுது, ரஞ்சிதம் பேருலயே எறங்கு" என்றாள் கேப்டன் உமாராணி. உமாராணி செத்து ஆறு வருசமாகிறது. கூட ஆடியவர்களும் மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள். கேதரினைத் தவிர, நடந்ததைச் சொல்ல மிச்சமிருப்பது இரஞ்சிதம் ஒருத்திதான்.

போன வாரம் அவளே போனில் சொன்னாள்: "நீ வா கேதரின். எல்லாருக்கும் முன்னால உன்ர பேரை நான் சொல்லுவன்."

சொன்னாளா? அடிப்பாவி! "அண்டைக்குப் பந்து என்ர சொல்லுக் கேட்டுது" என்று ஆரம்பித்து, ஏழு பேரையும் வீழ்த்திய கதையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அம்மை இறங்கி வேலைக்கு வந்த அன்று கேதரின் அவளுக்குச் சொன்ன அதே கதை.

ஷாரன் பல்லைக் கடித்தாள். "எழுந்திரும்மா. நான் போய் மைக்கைப் புடுங்குறேன்."

"சும்மா இரு லா. கடைசில சொல்லுவாங்க."

கடைசியில் நன்றிதான் சொன்னாள்.

தேநீர் வேளையில் இரஞ்சிதமே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையள் மெல்பனில இருந்து வந்து நிக்கினம். பேரப்பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரேல்ல, கேதரின்." கண் கலங்கித்தான் இருந்தது. கேதரின், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "பரவால்லக்கா" என்று வந்து தொலைத்தது.

வெளியே திடலில் மாநிலக் குழுப் பிள்ளைகள் இரஞ்சிதத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், அந்த ஸ்பின் எப்படிப் போட்டீங்க?" என்று பந்தை நீட்டினாள் ஷாமினி என்கிற பெண். இரஞ்சிதம் இரண்டு விரலையும் தையல் மேல் ஒட்டி வைத்துக் காட்டினாள். அது வேகப்பந்துக்குப் பிடிக்கிற பிடி. அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

கேதரினால் பொறுக்க முடியவில்லை. கிட்டே போனாள். "அப்படி இல்லம்மா. வெரல அகட்டிப் புடி. சுண்டி விடணும்."

ஷாமினி மரியாதையாகச் சிரித்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி. ஆனா மேடம் இப்படித்தான் காமிச்சாங்க லா."

இரஞ்சிதம் கைப்பையில் எதையோ தேடினாள்.

ஷாமினி ஓடிவந்து போட்டாள். பந்து இம்மியும் திரும்பாமல் நேராகப் போய் வேலிக்கம்பியில் முட்டி நின்றது. அடுத்த பிள்ளை அதை எடுத்து, இரண்டு விரலையும் கவனமாக ஒட்டி வைத்துக்கொண்டது.